ஊதா ஸ்டாம்பின் விலை

துரைசாமி இறந்த பிறகு கொஞ்ச காலத்துக்கு அவருடைய ஸ்டாம்ப் ஆல்பங்களை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் ஏழு ஆல்பங்கள். ஆம்பூரில் அவருடைய மகள் மோகனாவின் வீட்டு பீரோவில், அடித்தட்டில், ஸ்வெட்டருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளுக்கும் நடுவில் அவை பாட்டுக்குக் கிடந்தன.

துரைசாமி ஒரு தோல் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈமெயில் வருவதற்கு முந்திய காலத்தில் ஜெர்மனி, இத்தாலி, செக்கோஸ்லோவாகியா என்று எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடிதம் ஃபைலுக்குப் போகும். கவர் குப்பைக்கூடைக்குப் போகும். துரைசாமி குப்பைக்கூடையைக் கிளறி, ஸ்டாம்ப் ஒட்டிய மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வார். வீட்டில் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, செய்தித்தாள் மேல் காயவைத்து ஆல்பத்தில் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிலர் சீட்டாடப் போவார்கள், சிலர் தூங்குவார்கள். இவர் ஸ்டாம்ப் ஒட்டுவார், அவ்வளவுதான். அதன் விலை என்ன என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை.

மோகனா ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் செக்கர். நாள் முழுக்கக் கையில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் பிசகியதை, பசை வழிந்ததை ஒதுக்கி வைக்கிற வேலை. கணவன் பாண்டியன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தம்பி சூரியபிரகாஷ் காட்பாடியில் இருந்தான். ராணிப்பேட்டையில் தோலுக்கான கெமிக்கல் விற்கும் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனைப் பாதிக்கு மேல் வளர்த்தது மோகனாதான். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நந்தினியிடம் முதலில் பேசியதும் அவள்தான். அப்பா கடைசி வருடங்களில் மோகனா வீட்டிலேயே இருந்தார்.

தீபாவளிக்கு முந்திய வாரம் தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பழைய பொருட்களை விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட். ஊதா நிறத்தில் ஒரு ஜெர்மன் ஸ்டாம்ப், அதில் கண்ணாடி போட்ட ஒரு வயதான மனிதரின் தலை. யாரோ மும்பையில் அதை விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். விலை இரண்டு லட்சம்.

கீழே தம்பி எழுதியிருந்தான்: “அக்கா, இது அப்பாகிட்ட இருக்கு இல்ல?”

மோகனா பீரோவைத் திறந்து தேடினாள். மூன்றாவது ஆல்பத்தில் இருந்தது. ஒன்றில்லை, ஒரு பக்கம் முழுக்க அதேதான். அப்பாவின் கம்பெனிக்கு அடிக்கடி எழுதிய ஜெர்மன்காரர் எப்போதும் அதையே ஒட்டியிருப்பார் போல. முப்பது ஸ்டாம்ப், வரிசை பிசகாமல், ஒரே மனிதர் முப்பது தடவை ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் படமெடுத்து அனுப்பினாள். உடனே தம்பி ஃபோன் செய்தான். இருவரும் சிரித்தார்கள். அப்பா கோடீஸ்வரனாக இருந்துகொண்டு கிழிந்த பனியனோடு திரிந்திருக்கிறார் என்று அவன் சொன்னான். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. இரண்டு லட்சத்தை முப்பதால் பெருக்கிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? மோகனா பெருக்கினாள். பெருக்கிவிட்டு, நமக்கு எதற்கு இதெல்லாம் என்று அடுப்படிக்குப் போனாள். சாதம் வடிக்கும்போது மறுபடியும் பெருக்கினாள். காட்பாடியில் தம்பியும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். அப்புறம் இருவரும் அவரவர் ஃபோனில் தேட ஆரம்பித்தார்கள். மற்ற ஆல்பங்களில் இருந்ததையும் தேடினார்கள். எதைத் தேடினாலும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஊரில் ஆயிரத்திலோ லட்சத்திலோ விலை போட்டு வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார்கள்.

கார்த்திகை மாதத்தில் சூரியபிரகாஷ் ஒரு யோசனை சொன்னான். ஆல்பங்களைக் காட்பாடிக்குக் கொண்டுவந்து தன் பேங்க் லாக்கரில் வைத்துவிடலாம், அங்கே பத்திரமாக இருக்கும். மோகனாவுக்கு அது பிடிக்கவில்லை. இங்கே என்ன பத்திரக் குறைச்சல் என்று கேட்டாள். அவள் வீட்டுப் பின்பக்கம் மழைக்கு ஒழுகுவதை அவன் ஞாபகப்படுத்தினான். பேச்சு அப்படியே தடித்தது.

“அப்பாவே இங்கதான்டா பத்திரமா இருந்தாரு. ஆல்பம் இருக்காதா?” என்றாள் மோகனா.

“பாத்துக்கிட்டதுக்கு இப்ப கூலி கேக்குறியாக்கா?”

அவன் அந்த வார்த்தையை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்தது வந்ததுதான். மோகனா ஃபோனை வைத்தாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தை பிறந்தது. வருடம் தவறாமல் கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப்புடவையுமாகப் பொங்கல் சீரோடு வந்து நிற்கிற தம்பி அந்த வருடம் வரவில்லை. அவனுக்கு வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று பாண்டியன் சமாதானம் சொன்னான். மோகனா அவன்மேல் எரிந்து விழுந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம், தம்பிக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த ஆல்பங்களோடு இருப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஏழு ஆல்பமும் சேர்த்து வீட்டில் ஒரு கோடி ரூபாயை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? முதலில் பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. ஈரம் பட்டால் ஸ்டாம்ப் கெட்டுவிடும் என்று எங்கோ படித்ததால், ஷூ டப்பாக்களில் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்து ஒவ்வொரு ஆல்பத்துக்குள்ளும் வைத்தாள். தூசி வரும் என்று அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் எல்லாரும் ஒருநாள் ஏலகிரிக்குச் சுற்றுலா போனார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனசு வராமல் அவள் மட்டும் போகவில்லை. பாண்டியன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் மட்டும், மாமனார் உயிரோடு இருந்தபோது வீட்டில் இவ்வளவு காவல் இல்லை என்றான்.

கம்பெனியில் மோகனாவின் பக்கத்து டேபிளில் வேலை செய்கிறவள் உமைமா. பிரியாணி மசாலா முதல் பழைய சோபா வரை ஃபோனிலேயே வாங்கி ஃபோனிலேயே விற்கிறவள். மோகனா அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். வெறுமே வைத்துக்கொண்டிருந்தால் எப்படி விலை தெரியும், போட்டுப் பார்க்கலாம் அக்கா என்று உமைமா சொன்னாள். அவளே அந்தத் தளத்தில் ‘பாலாறு ஸ்டாம்ப்ஸ்’ என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள். மோகனா ஊதா ஸ்டாம்பில் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் படமெடுத்தாள்.

எவ்வளவு போடுவது? தளத்தில் தேடியபோது அதே ஸ்டாம்பை வேலூர் பக்கத்திலேயே இன்னொருவர் இரண்டரை லட்சத்துக்குப் போட்டிருந்தார். ‘கலெக்டர் 77’ என்று பெயர். பக்கத்து ஊரிலேயே அப்படி ஒரு விலை இருக்கும்போது நாம் ஏன் குறைத்துக் கேட்க வேண்டும் என்று மோகனா மூன்று லட்சம் போட்டாள். பத்து நாளில் அந்த கலெக்டர் மூன்றரை ஆக்கினார். சரி, விலை ஏறுகிறது என்று மோகனாவுக்குத் தெரிந்தது. நான்கு ஆக்கினாள். அவர் நாலரைக்குப் போனார். மோகனா ஐந்துக்குப் போனாள்.

ஒவ்வொரு தடவை விலை ஏறும்போதும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூடியது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கிறதா என்று கேட்டு எழுதியவர்கள் ஏராளம். இருக்கிறது என்று பதில் போட்டால் அப்புறம் ஆளே இல்லை. ஒருவர் பழைய பைக்குக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னொருவர், டெல்லியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, சான்றிதழுக்கு முன்பணம் கட்டினால் உடனே வாங்கிக்கொள்வதாக ஆசை காட்டினார். அவள் கட்டியிருப்பாள். உமைமா பக்கத்தில் இருந்ததால் தப்பித்தாள். வேலூரிலிருந்து ஒருவர், அந்த ஸ்டாம்ப் எத்தனை இருந்தாலும் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய் தருகிறேன், ஞாபகத்துக்காக வைத்திருந்தால் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். மோகனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை பிளாக் செய்தாள்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நந்தினியிடமிருந்து ஃபோன் வந்தது. தம்பி மனைவி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அண்ணி, நான் பேசுறது அவருக்குத் தெரியாது. அவரு வக்கீலைப் போய்ப் பாத்துட்டு வந்திருக்காரு. அதுல இருந்து சரியா சாப்பிடவும் இல்ல, பேசவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு அண்ணி. அதை வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம், இல்ல பாலாத்துல போட்டுடலாம். எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிச்சிடுங்க.”

வக்கீல் என்ற சொல்லைக் கேட்டதும் மோகனா கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். ஆனால் நந்தினி சொன்ன இன்னொரு விஷயமும் மனசில் நின்றது. தம்பியும் சாப்பிடவில்லை. அவன் சின்ன வயதில் கோபித்துக்கொண்டால் முதலில் நிறுத்துவது சோற்றைத்தான். வேலூரில் ஸ்டாம்பும் பழைய நாணயமும் விற்கிற கடை ஒன்று இருப்பதாகவும், விலை தெரிந்தவர் என்று எல்லாரும் சொல்வதாகவும் நந்தினி விசாரித்து வைத்திருந்தாள். இருவரும் ஒன்றாகப் போய்க் காட்டிவிடலாம் என்றாள். மோகனா சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனா ஏழு ஆல்பங்களையும் இரண்டு கட்டைப்பைகளில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலூர் போனாள். பாண்டியனுக்கு டூட்டி. வழி முழுக்கப் பக்கத்து சீட்டுப் பெண் அவளிடம் பையைக் கீழே வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் வைக்கவில்லை.

கடை லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. வாசலில் தம்பியும் நந்தினியும் நின்றார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது பார்த்து. அவன் இளைத்திருந்தான். வாக்கா என்றான். வந்துட்டேன் என்றாள். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவன், என்ன நினைத்தானோ, கையை இழுத்துக்கொண்டான். அவளே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

கடைக்காரர் பெயர் வக்கார் அகமது. அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. இப்போது பார்த்தால் கடை மாதிரியே இல்லை. கண்ணாடி அலமாரிகள் சுவரோரம் ஒதுங்கியிருக்க, நடுவில் கம்ப்யூட்டர், வெள்ளை விளக்கு, படமெடுக்கிற மேடை, அட்டைப்பெட்டிகள். அவருடைய மகள் சைரா ஒரு ஓரத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூவரையும் உட்காரச் சொல்லி, ஆல்பங்களைக் கேட்டார்.

மோகனா மடியிலிருந்து இறக்கினாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கீழே விழ, அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். செக்கோஸ்லோவாகியா பக்கத்தில் கொஞ்சம் நின்று, பூ வரைந்த ஸ்டாம்புகளைப் பார்த்து, உங்க அப்பா நல்லா ஒட்டியிருக்கார் என்றார். பிறகு மூன்றாவது ஆல்பம். முப்பது ஊதாத் தலைகள்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, தெருவில் தெரிந்தவரைப் பார்த்தது போல.

“இந்த ஆளா? இந்த ஆளைத் தேடித்தான் வந்தீங்களா?”

சூரியபிரகாஷ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தன் ஃபோனில் சேர்த்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். விலை எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள் பாய் என்று மாதவாரியாகச் சொன்னான். வக்கார் அகமது பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார்.

“தம்பி, நீங்க பாத்ததெல்லாம் கேக்குற விலை. யார் வேணாலும் எவ்ளோ வேணாலும் கேக்கலாம். என் கடை நாற்காலியை நான் பத்து லட்சம்னு போட்டா யாரு தடுக்கப் போறா? வித்த விலைன்னு ஒண்ணு இருக்கு. அதைப் பாக்கணும்.”

அவர் எதையோ அழுத்தினார். பட்டியல் மாறியது. இது போன வருடம் நிஜமாகவே கைமாறியது என்றார். அதே ஊதா ஸ்டாம்ப். ஐம்பது சேர்ந்தது முந்நூறு ரூபாய். நூறு சேர்ந்தது ஐந்நூறு ரூபாய். தனியாக ஒன்று, பதினைந்து ரூபாய். அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். ஜெர்மனியில் வருடக்கணக்காகக் கோடிக்கணக்கில் அச்சடித்த சாதாரண ஸ்டாம்ப் அது, நம் ஊரில் தினமும் கவரில் ஒட்டுகிற மாதிரி, என்று விளக்கினார்.

“யோசிச்சுப் பாருங்க. ஆம்பூர்ல ஒரு கம்பெனி குப்பைக்கூடையில இருந்து உங்க அப்பா ஒருத்தருக்கே முப்பது கிடைச்சிருக்கு. அப்ப உலகத்துல எவ்ளோ இருக்கும்?”

சைரா டேப் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சூரியபிரகாஷ் விடவில்லை. அப்படியானால் வேலூர் பக்கத்திலேயே இப்போது ஐந்து லட்சத்துக்குப் போட்டிருக்கிறார்களே, அது எப்படி என்று கேட்டான். ஓ, அவங்களா என்று வக்கார் அகமது மறுபடி தட்டினார். திரையில் இரண்டு படங்கள் வந்தன.

“இந்த ரெண்டு பேரை நான் ரொம்ப நாளா பாத்துட்டு இருக்கேன். ஒருத்தர் ஏத்தினா இன்னொருத்தர் ஏத்துறாரு. இவரைப் பாத்து அவரு, அவரைப் பாத்து இவரு. பாவம்னு ரெண்டு பேருக்கும் மெசேஜ் போட்டேன், இருநூறு தர்றேன்னு. ஒருத்தர் திட்டினாரு. ஒருத்தர் பிளாக் பண்ணிட்டாங்க.”

மோகனா திரையைப் பார்த்தாள். இரண்டாவது படத்தில் ஊதா ஸ்டாம்புக்குக் கீழே திராட்சைக்கொத்து போட்ட மேஜை விரிப்பு தெரிந்தது. அவள் வீட்டு விரிப்பு. ஆம்பூர் சந்தையில் அவளே பேரம் பேசி வாங்கியது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் நந்தினி அந்த விரிப்பில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். அவள் ஏற்கெனவே திரும்பி மோகனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாய்,” என்றாள் மோகனா, “பிளாக் பண்ணது நான்தான்.”

வக்கார் அகமது கண்ணாடியைக் கழற்றினார். சூரியபிரகாஷ் அக்காவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். திரும்ப அக்காவைப் பார்த்தான்.

“பாலாறு ஸ்டாம்ப்ஸ் நீயாக்கா?”

“ஆமாடா. உமைமாதான் ஆரம்பிச்சுக் குடுத்தா. அந்த கலெக்டர் மூணரைன்னு போட்டதால தான் நான் நாலு போட்டேன். அவன் யாருன்னே தெரியல.”

“நான்தான்க்கா.”

“இன்னா?”

“கலெக்டர் 77 நான்தான். நீ அனுப்பின ஃபோட்டோவுல இருந்து ஒண்ணை மட்டும் வெட்டிப் போட்டேன். சும்மா, விலை நிக்குதான்னு பாக்க. நீ ஏத்த ஏத்த, மார்க்கெட் ஏறுதுன்னு நினைச்சுட்டேன்.”

முதலில் சிரித்தது சைரா. பார்சலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். வக்கார் அகமது அவளை அதட்டப் பார்த்து, முடியாமல் தானும் சிரித்துவிட்டார். நந்தினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சூரியபிரகாஷ் நாற்காலியில் அப்படியே சரிந்து, மேலே ஃபேனைப் பார்த்தபடி, வக்கீல்கிட்ட போய்ட்டேனே, விரிப்பைக்கூடப் பாக்காம உன்னோட விலையைப் பிரிண்ட் எடுத்து வக்கீல்கிட்ட குடுத்தேனே என்று முனகினான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மோகனா சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. வெகுநேரம் தலைச்சுமை தூக்கி நடந்துவிட்டு இறக்கிவைத்தால் கழுத்து தானாக மேலே எழும்புமே, அப்படி. வீட்டில் ஒரு கோடி ரூபாய் இல்லை. ஒரு லட்சம்கூட இல்லை. பீரோவைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். தம்பி அவளிடமிருந்து திருட வரவில்லை, அவளும் அவனிடமிருந்து எதையும் ஒளிக்கவில்லை, ஒளிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. நந்தினி அவள் முதுகில் கைவைத்தாள்.

சைரா டீ வாங்கிவந்தாள். வக்கார் அகமது தன் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் ஆல்பத்தைக் கொண்டுவந்து, என்ன தருவீங்க பாய் என்பார்களாம். கடைக்காரர் சொன்னதுதான் விலை. அது எப்போதும் நியாயமாக இருந்தது என்று தான் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். இப்போது எல்லாரும் ஃபோனை நீட்டுகிறார்கள். பேஜார்தான், வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே போகிறார்கள். ஆனால் அதே ஃபோனால்தான் அஸ்ஸாமில் ஒருவர், கனடாவில் ஒருவர் என்று அவரிடம் வாங்குகிறார்கள். இந்தச் சந்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களை எங்கே பார்த்திருப்பார்? அது இல்லாவிட்டால் கடையை எப்போதோ மூடியிருப்பேன் என்றார்.

ஏழு ஆல்பங்களையும் சேர்த்து விற்றால் சில ஆயிரம் கிடைக்கலாம், அதுவும் செக்கோஸ்லோவாகியா பக்கங்களுக்காக என்று சொன்னார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, அந்தக் கவர்கள் இருக்கிறதா என்று கேட்டார். கவரை அப்பா வெட்டிவிடுவார் என்றான் சூரியபிரகாஷ்.

“முழுக் கவரா, கம்பெனி அட்ரஸோட இருந்திருந்தா கதையே வேற. தோல் வியாபாரக் கவருன்னே தேடி வாங்குறவங்க இருக்காங்க. ஒவ்வொண்ணும் நல்ல விலைக்குப் போகும்.”

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நல்லவேளை வெட்டிட்டாரு,” என்றாள் மோகனா. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. டீ புடவையில் சிந்தியது.

அங்கேயே உட்கார்ந்து இருவரும் தங்கள் விளம்பரங்களை நீக்கினார்கள். நீக்குவது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை, சைராதான் செய்துகொடுத்தாள். ஆல்பங்களை விற்பதில்லை என்று முடிவானது. யாரும் அதைப் பற்றி விவாதம் செய்யவில்லை. வக்கார் அகமதும் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சூரியபிரகாஷ் பையில் கைவிட்டான். அவர் வாங்கவில்லை. இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை தனக்கு இந்த வருடம் வந்ததில்லை என்றார்.

படியிறங்கும்போது தம்பி இரண்டு கட்டைப்பைகளையும் தூக்கிக்கொண்டான். பஸ்ஸில் போக வேண்டாம், ஆம்பூரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவனுடைய பழைய காரில் பின்சீட்டில் நந்தினி ஆல்பங்களோடு ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரத்திலேயே பைமேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். அவளும் பல நாளாகத் தூங்காதவள். ஜன்னல்கள் திறந்திருந்தன. பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் அக்காவும் தம்பியும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இது பழைய பேசாமை இல்லை. மோகனாவுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதே சுகமாக இருந்தது. வெளியே தென்னந்தோப்புகளும் கம்பெனிச் சுவர்களும் போய்க்கொண்டிருந்தன.

டோல்கேட்டைத் தாண்டியதும் சூரியபிரகாஷ் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

“அக்கா, அன்னைக்கு அப்பா என்னைக் கேட்டாரா?”

அப்பா இறந்த நாளில் அவன் கெமிக்கல் சாம்பிள் கொடுக்க ஓசூர் போயிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து புறப்பட்டு, அவன் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியம், பதினாறாம் நாள் என்று கூட்டத்தில் கேட்க முடியவில்லை. அப்புறம் ஆல்பம் வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்பதற்கு இருவருக்கும் நடுவில் இடமே இருக்கவில்லை. இத்தனை மாதமும் அவன் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்று மோகனாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“கேட்டாருடா. காலையில நல்லாதான் இருந்தாரு. இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு நர்ஸைத் திட்டினாரு. நீ கிளம்பிட்டேன்னு ஃபோன் வந்ததும் சொன்னேன். அவனை அவசரப்படுத்தாத, கிருஷ்ணகிரி ரோட்டுல லாரி ஜாஸ்தி, பொறுமையா வரச் சொல்லுன்னாரு. அதுக்கப்புறம் தூங்கினாரு. கஷ்டமே படல.”

“நிஜமாவா?”

“உங்கிட்ட நான் எதுக்குடா பொய் சொல்லப் போறேன்?”

அவன் தலையாட்டினான். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினான். மாதனூருக்கு முன்னால் ஒரு புளியமர நிழலில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய், பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான். மோகனா இறங்கவில்லை. அவனுக்கு அது வேண்டியிருந்தது. லாரிகள் இரைந்துகொண்டு போயின.

வண்டி நின்றதில் நந்தினி கண் விழித்து, ஆம்பூர் வந்துடுச்சா அண்ணி என்று கேட்டாள்.

“இன்னும் வரல. நீ தூங்கு,” என்றாள் மோகனா.